யாரும் மறிக்காத பண்ணை

அன்று எங்கள் வங்கிக் கிளையில், முகாமையாளரின் அறையில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன்.

முகாமையாளர். பேனையின் மூடியைக் கழற்றி வைத்திருந்தார்.

கணக்குத் திறக்கும் மேசைக்குப் பொறுப்பான மிஸ். மடியில் சிவப்பு ஃபைல்.

கொழும்பிலிருந்து வந்த கம்பனி ஆள். கணக்காளர் என்று சொல்லிக்கொண்டார். அவருடைய இரண்டு போனும் மேசையில் குப்புறக் கிடந்தன.

ரசீன். அந்தக் கம்பனியின் பணிப்பாளர். புதுச் சேர்ட். கடையில் மடித்த கோடு இன்னும் போகவில்லை.

கதவுக்குப் பக்கத்தில் நான். ஹெல்மட் கையில். உட்காரச் சொல்லி யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் உட்கார்ந்திருக்க மாட்டேன்.

சிவப்பு ஃபைலில் மேலாக இருந்த கடதாசி என்னுடையது. இடத்தைப் பார்த்தேன், எல்லாம் சரி என்று எழுதி, கீழே கையெழுத்து வைத்திருந்தேன். அது பிழை என்று சொல்லத்தான் முந்தலிலிருந்து ஓடி வந்திருந்தேன்.

இடம் பார்க்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். உங்களுக்காக நாலு விஷயம் எழுதித் தரச் சொன்னார்கள். எனக்கு நாலு தெரியாது. ஒன்றை எழுதுகிறேன்.

நான் இந்தக் கிளைக்கு வந்தது கேற் காக்கும் வோச்சராக. பிறகு பியோன். பள்ளிக்கூடம் எட்டோடு நின்றது. தமிழும் சிங்களமும் கதைப்பேன். எல்லோருக்கும் நான் நானா, அண்ணன் முறை. கற்பிட்டியிலிருந்து எலுவன்குளம் வரைக்கும் ஒழுங்கைகள் தெரியும். அதனால் ஒரு நாள் மோட்டார் சைக்கிள் சாவியைத் தந்து, விலாசம் உண்மையா என்று பார்த்து வா என்றார்கள். பென்சன் வரைக்கும் அதைத்தான் செய்தேன். வீடு இருக்கிறதா, கடை இருக்கிறதா, ஆள் இருக்கிறாரா. இருந்தால் இருக்கு. இல்லையென்றால் இல்லை. அவ்வளவுதான் வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சிவப்பு ஃபைல் என்றால் என்ன என்று உங்களுக்குப் பாடம் எடுத்திருப்பார்கள். ஆபத்துக் கூடின கம்பனி. வெளிநாட்டிலிருந்து பெரிய காசு வரும், அது கள்ளக் காசாகவும் இருக்கலாம். சொந்தக்காரன் யார் என்று இலேசில் தெரியாது. அந்தக் கம்பனி முந்தலில் இறால் பண்ணை வைத்து ஏற்றுமதி செய்யப்போவதாகச் சொன்னது. அதன் பங்குகள் இன்னொரு கம்பனியின் பெயரில் இருந்தன. அந்தக் கம்பனியின் பங்குகள் வேறு ஏதோ ஒரு தீவில் பதிந்த கம்பனியின் பெயரில். மிஸ் ஒரு கடதாசியில் பெட்டி பெட்டியாகக் கீறி எனக்குக் காட்டினார். ஆக மேல் பெட்டியில் ஒரு ஆளின் பெயர். பாஸ்போட் கொப்பி இருந்தது. கொப்பியில் முகம் கறுப்பாக விழுந்திருந்தது. நல்ல கொப்பி அனுப்பச் சொல்லி மிஸ் மூன்று தரம் கேட்டிருந்தார். மூன்று தரமும் கறுப்பு முகம்தான் வந்தது.

ஆகக் கீழ்ப் பெட்டியில் ஒரே ஒரு உள்ளூர்ப் பெயர். அது ரசீன்.

மிஸ் அந்தக் கீழ்ப் பெட்டியைப் பேனையால் தட்டினார். "பிழை நடந்தா மேல உள்ள ஒருத்தரையும் பிடிக்க ஏலா நானா. பொலிஸ் வந்து தட்டுறதுக்கு இந்த ஒரு கதவுதான் இரிக்கி."

அதை நான் கேட்டேன். கேட்டுவிட்டுத்தான் பண்ணைக்குப் போனேன். அதனால் எனக்குத் தெரியாது என்று சொல்ல வழியில்லை.

ரசீனை எனக்கு முகம் தெரியும். கற்பிட்டி மீன்வாடிகளுக்கு ஐஸ் கொண்டுபோகும் லொறியின் சாரதி. மன்னாரிலிருந்து தொண்ணூறில் விரட்டப்பட்டு வந்த குடும்பம். வரும்போது அவன் உம்மாவின் இடுப்பில் வந்தவன். பாலாவிப் பக்கம் குடியேற்றத்தில் ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தான். நாலு பிள்ளைகள். சுவர் எழும்பி ஏழெட்டு வருஷம். கூரை இல்லை. ஒரு அறைக்கு மட்டும் தகரம் போட்டு எல்லோரும் அதற்குள் இருந்தார்கள்.

புதன்கிழமை பண்ணைக்குப் போனேன். கேற் திறந்திருந்தது. காவல்காரன் சலூட் அடித்தான். கம்பனி ஆள் வாசலுக்கே வந்து கையைப் பிடித்தார். வாங்க நானா, வெயில்ல வந்திருக்கிறீங்க என்றார். தெம்பிலி இளநீர் வெட்டித் தந்தார்கள். குடித்தேன். பிறகு குளக்கட்டில் என்னை நடத்திக்கொண்டு போனார். எட்டுக் குளம். எட்டிலும் தண்ணீர். நாலு குளத்தில் காற்றூட்டும் சக்கரங்கள் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தன. நுரை பறந்தது. கொட்டிலில் தீனி மூட்டைகள் அடுக்கியிருந்தன. படம் எடுக்கச் சொல்லி அவரே சொன்னார். எடுத்தேன். நானும் ஒரு படத்தில் நின்றேன்.

ரசீன் எங்களுக்குப் பின்னால் வந்தான். அன்றைக்கும் அதே சேர்ட். நான் சலாம் சொன்னேன். பதில் சொன்னான். அதற்குமேல் ஒன்றும் இல்லை. எப்போதிருந்து பணிப்பாளர் என்று கேட்டேன். அவன் கம்பனி ஆளின் முகத்தைப் பார்த்தான். கம்பனி ஆள்தான் பதில் சொன்னார். உள்ளூரில் நம்பிக்கையான ஒருவர் வேண்டும், ரசீன் நேர்மையான ஆள், கம்பனி வளர்ந்தால் அவரும் வளருவார் என்றார்.

அந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. வந்ததும் வெட்கமும் வந்தது. வோச்சராக வந்தவன் நான். கேற்றைத் திறந்து விட்டவன் இன்று ஃபைலோடு நின்று கேள்வி கேட்கிறேன். லொறி ஓட்டுகிறவன் பணிப்பாளர் ஆகக் கூடாதா என்று அவன் என்னைக் கேட்டால் நான் என்ன சொல்ல? கேட்காமல் விட்டேன்.

வரும்போது ரசீன் கேற் வரைக்கும் வந்தான். "கூரை போடப்போறன் நானா" என்றான். சிரித்தான். அவன் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அன்றைக்குப் பின்னேரமே ரிப்போட் எழுதிக் கொடுத்தேன். இடம் சரி. ஆட்கள் சரி. தொழில் நடக்கிறது. நல்ல மரியாதையான ஆட்கள் என்றும் எழுதினேன். அந்தப் படிவத்தில் அப்படி ஒரு கேள்வியே இல்லை. நானாகத்தான் எழுதினேன்.

வெள்ளிக்கிழமை காலையில் என்னை வேறு ஒரு அலுவலாக அனுப்பினார்கள். முந்தலுக்கு அங்கால், களப்புத் தண்ணீர்க் கரையில், ஒரு பழைய வாடிக்கையாளர். உடப்பைச் சேர்ந்த மனுசன். சின்ன இறால் பண்ணை, மூன்று குளம். கடனைப் புதுப்பிக்க வேண்டும், அதற்கு நான் இடத்தைப் பார்க்க வேண்டும். அந்தப் பண்ணைக்கு நான் முன்பு போனதில்லை. அவருடைய பழைய கடன்களுக்கு அவரே கிளைக்கு வந்து போவார்.

வாசலில் கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் சீமெந்தில் ஒரு சின்னத் தொட்டி. ஊதா நிறத்தில் மருந்துத் தண்ணீர். நான் கயிற்றைத் தூக்கிக் குனிந்தேன். உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது.

"நில்லுங்க நானா."

நின்றேன். மனுசன் வந்தார். சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார். வங்கியிலிருந்து வருகிறேன் என்றேன். தெரியும், நில்லுங்கள் என்றார். இந்தக் கிழமை வேறு பண்ணைக்குப் போனீர்களா என்று கேட்டார். போனேன், முந்தானாள் என்றேன். எந்தப் பண்ணை என்று கேட்கவில்லை. கயிற்றை என் கையிலிருந்து வாங்கித் திரும்பக் கட்டினார்.

அப்போ உள்ளே வர வேண்டாம் என்றார். அடுத்த கிழமை வாருங்கள், வேறு செருப்போடு வாருங்கள், இந்தத் தொட்டியில் காலை வைத்துவிட்டு வாருங்கள். குளத்தை இங்கே நின்று பாருங்கள், படம் வேண்டுமென்றால் நான் எடுத்துத் தருகிறேன்.

எனக்குக் கோபம் வந்தது. உண்மையைத்தான் எழுதுகிறேன். கடன் வேண்டியவர் அவர். வெயிலில் வாசலில் நிற்பவன் நான். பெரிய பண்ணைக்காரனே என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனான், நீங்கள் மூன்று குளத்தை வைத்துக்கொண்டு மறிக்கிறீர்களா என்று கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை.

"காலை நனைக்கச் சொன்னாங்களா?"

"இல்ல."

"குளக்கட்டுல நடந்தீங்களா?"

"நடந்தன்."

"செருப்போட?"

"ஓம்."

மனுசன் தன்னுடைய குளங்களைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு ஒரு தரம் வெள்ளைப் புள்ளி நோய் வந்து மூன்று குளமும் நாலு நாளில் போயிருந்தது. எங்களுடைய ஃபைலில் அது இருக்கிறது. யாரோ ஒருவருடைய காலில் ஒட்டி வந்த சேறுதான் என்று அவர் இன்றைக்கும் சொல்வார்.

"அங்க இறால் இல்ல நானா" என்றார். "இறால் உள்ளவன் பெத்த தகப்பன் வந்தாலும் உள்ளுக்கு விடமாட்டான்."

அவ்வளவுதான் சொன்னார். திரும்பித் தன் வேலைக்குப் போய்விட்டார்.

தெம்பிலியின் ருசி வாயில் வந்தது.

போனை எடுத்தேன். மணி பதினொன்று. சிவப்பு ஃபைல் அன்றைக்குப் பகல் இரண்டு மணிக்கு முன்னால் தலைமையகத்துக்குப் போக வேண்டும். கம்பனி ஆள் ஜும்ஆவுக்கு முன்னால் வேலையை முடித்துத் தாருங்கள், ரசீன் தொழப் போக வேண்டும் என்று சொல்லியிருந்தார். அதனால் பதினொன்றரைக்குக் கணக்குத் திறக்கும் கையெழுத்து. மிஸ்ஸுக்கு எடுத்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. வாடிக்கையாளர் முன்னால் இருந்தால் அவர் போனை மேசை லாச்சிக்குள் போட்டுவிடுவார். நல்ல பழக்கம். அன்றைக்கு மட்டும் கெட்ட பழக்கம். முகாமையாளரின் போன் நிறுத்தியிருந்தது. கிளையின் போனை எடுத்த ஆளிடம் கையெழுத்து வைக்க வேண்டாம் என்று சொல் என்றேன். எதற்கு என்று கேட்டான். நான் சொல்லத் தொடங்க லைன் வெட்டிவிட்டது. களப்புப் பக்கம் அப்படித்தான்.

அந்தப் பெரிய பண்ணை வரும் வழியில்தான். உள்ளே போய்த் திரும்ப இருபது நிமிஷம். போனால் நிச்சயமாகத் தெரிந்துவிடும். போகாவிட்டால் என் கையில் ஒன்றும் இல்லை. என்னை யாரும் மறிக்கவில்லை என்ற கதை மட்டும்தான் இருக்கிறது. அதைக் கொண்டுபோய் முகாமையாளரிடம் வைத்தால் அவர் என்னை என்னவென்று நினைப்பார்?

அப்போது வருஷக் கடைசி. எங்கள் கிளையைச் சிலாபக் கிளையோடு சேர்க்கப் போகிறார்கள் என்று கதை அடிபட்டது. அந்தக் கம்பனியின் முதல் காசு வந்தால் கிளை தப்பும் என்று எல்லோரும் நம்பினார்கள். நானும் நம்பினேன். முகாமையாளருக்குச் சிலாபத்தில் வீடு. கிளையை மூடினால் அவருக்கு நல்லதுதானே என்று பகிடி பண்ணுவார்கள். அவர் சிரிக்க மாட்டார்.

பெரிய பண்ணைக்குத் திரும்பும் ஒழுங்கையின் முகப்பில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினேன். ஒரு காலைத் தரையில் ஊன்றினேன். உள்ளே போவதா நேரே போவதா. அரை நிமிஷம் இருக்கும். எனக்கு நெடுநேரமாகத் தெரிந்தது. ரசீன் பேனையைப் பிடித்திருப்பது கண்ணுக்குள் வந்தது. லொறி ஸ்டியரிங்கைப் பிடித்த கை. கையெழுத்து வைத்தபிறகு நான் ஆயிரம் அத்தாட்சி கொண்டுபோனாலும் அவன் பெயர் அந்தத் தாளில் ஏறிவிடும்.

நேரே போனேன்.

இதைக் கவனமாக வாசியுங்கள். அத்தாட்சிக்குப் போகாதே என்று நான் சொல்லவில்லை. எந்த நேரமும் போய்ப் பார்க்கத்தான் வேண்டும். அன்றைக்கு எது முந்தும் என்பதுதான் கேள்வி. கையெழுத்து முந்தினால் அத்தாட்சி பிறகு கோர்ட்டுக்குத்தான் உதவும்.

கிளைக்கு வந்தபோது பதினொன்று நாற்பத்தைந்து. கதவைத் தட்டினேன். உள்ளே போனேன். மேலே சொன்ன ஆட்கள் இருந்தார்கள்.

ரசீனின் கையெழுத்து ஒரு தாளில் ஏற்கெனவே விழுந்திருந்தது. முகாமையாளருடையது இன்னும் விழவில்லை.

"சேர், என்ட ரிப்போட் பிழை" என்றேன்.

மிஸ் ஃபைலை மூடினார். கம்பனி ஆள் சிரித்தார். முந்தானாள் என் கையைப் பிடித்து வரவேற்ற அதே சிரிப்பு.

என்ன பிழை என்று முகாமையாளர் கேட்டார். நான் சொன்னேன். காலை நனைக்கச் சொல்லவில்லை, செருப்போடு குளக்கட்டில் நடக்க விட்டார்கள், வேறு பண்ணைக்குப் போனீர்களா என்று கேட்கவில்லை. சொல்லும்போதே எனக்குக் கேட்டது அது எவ்வளவு சின்னக் கதை என்று. கோடிக்கணக்கில் காசு வரப்போகிற இடத்தில் நான் செருப்பைப் பற்றிக் கதைத்துக்கொண்டு நிற்கிறேன்.

கம்பனி ஆள் என்னைப் பார்க்கவில்லை. முகாமையாளரைப் பார்த்துத்தான் கதைத்தார்.

"வங்கியிலிருந்து வந்த பெரிய மனுசரைச் செருப்பைக் கழற்றுங்க என்று சொல்லலாமா சேர்? மரியாதைக்காகத்தான் விட்டது. அது குற்றமா?" பிறகு என் ரிப்போட்டில் விரலை வைத்தார். "இதிலயும் இவருடைய கையெழுத்துத்தான். எல்லாம் சரி என்று. இப்ப பிழை என்று சொல்றதும் இவர்தான். நாங்க எந்த நானாவை நம்புறது?"

நல்ல கேள்வி. இரண்டும் நான்தான்.

முகாமையாளரின் பேனை இன்னும் கையில். அவர் என்னைப் பார்க்கவில்லை, கம்பனி ஆளையும் பார்க்கவில்லை. ரசீனைப் பார்த்தார்.

"பணிப்பாளர் நீங்கதானே. இறால் குஞ்சு விட்டு இன்றைக்கு எத்தனை நாள்?"

கம்பனி ஆள் அறுபது நாள் என்றார்.

"நான் பணிப்பாளரிடம் கேட்டேன்."

ரசீன் வாயைத் திறந்தான். அறுபது என்று சொல்லியிருக்கலாம். அப்போதுதான் அவன் காதில் விழுந்திருந்தது. அவன் சொல்லவில்லை. கையிலிருந்த பேனையை மேசையில் வைத்தான். உருண்டுவிடாமல் விரலால் பிடித்துக்கொண்டிருந்தான்.

"தெரியா சேர்."

முகாமையாளர் தன் பேனைக்கு மூடியைப் போட்டார். அந்தச் சத்தம் எனக்கு இன்றைக்கும் கேட்கும்.

அவர் குரலை உயர்த்தவில்லை. சந்தேகம் என்றோ பொய் என்றோ சொல்லவில்லை. இதை நீங்களும் படித்துக்கொள்ளுங்கள். எழும்பிக் கார்ச் சாவியை எடுத்தார். நல்லது, இப்போதே எல்லோரும் பண்ணைக்குப் போவோம், நான் செருப்பைக் கழற்றிவிட்டு வருகிறேன், ஒரு குளத்தில் தீனித் தட்டைத் தூக்கிக் காட்டுங்கள், தட்டில் நாலு இறால் இருந்தால் வந்து கையெழுத்து வைக்கிறேன் என்றார்.

கம்பனி ஆள் ஜும்ஆ நேரம் என்றார். தொழுகை முடிந்து போவோம் என்றார் முகாமையாளர். பின்னேரம் கொழும்பில் வேலை என்றார் கம்பனி ஆள். நாளைக்குப் போவோம். நாளைக்கும் முடியாது. அப்போ திங்கள். கம்பனி ஆள் போன்களை எடுத்து இரண்டு பொக்கற்றிலும் போட்டுக்கொண்டார். எங்களுக்கு வேறு வங்கிகள் இருக்கின்றன, உங்கள் தலைமையகத்தில் எனக்கு ஆட்களைத் தெரியும், இந்தக் கிளை அடுத்த வருஷம் இருக்குமோ தெரியாது என்று மரியாதையாகவே சொன்னார். ரசீன் கையெழுத்து வைத்த தாளைத் திருப்பிக் கேட்டார்.

மிஸ் கொடுக்கவில்லை. வங்கிக்குத் தந்த கடதாசி, கொப்பி வேண்டுமென்றால் எழுத்தில் கேளுங்கள் என்றார். அந்தப் பிள்ளைக்கு அப்போது இருபத்தாறு வயது. ஃபைலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். குரல் நடுங்கவில்லை.

வாகனம் போகும் சத்தம் கேட்டது. ரசீன் கதிரையில்தான் இருந்தான். அவனைக் கூட்டிக்கொண்டு வந்தவர் விட்டுவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு நடந்ததையும் சொல்ல வேண்டும். மிஸ் இரக்கப்பட்டுப் புதுப் படிவம் தந்தார். பழையதைக் கிழித்துவிட்டு இதில் எழுதுங்கள் நானா என்றார். நான் கிழிக்கவில்லை. பழையதும் ஃபைலில் இருக்கட்டும் என்றேன். புதியதில் முதல் ரிப்போட் ஏன் பிழை என்று ஐந்து வரி எழுதினேன். தலைமையகம் விளக்கம் கேட்டது. பிறகு என்னுடைய சொந்த ஃபைலில் ஒரு எச்சரிக்கைக் கடிதம் போட்டார்கள். சரியான கடிதம்தான். பென்சன் போகும்வரை அது அங்கே இருந்தது. அந்த வருஷம் கிளையைச் சேர்க்கவில்லை. ஏன் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

முந்தல் பண்ணைக்குத் திங்கட்கிழமை நானும் முகாமையாளரும் போனோம். கேற் பூட்டியிருந்தது. வேலிக்கு மேலால் பார்த்தோம். குளங்களில் தண்ணீர் பாதி வற்றியிருந்தது. சக்கரம் ஒன்றுகூட இல்லை. முகாமையாளர் கிளைக்கு வந்து மேலிடத்துக்கு எழுத வேண்டியதை எழுதினார். என்ன எழுதினார் என்று நான் கேட்கவில்லை. அந்தக் கடதாசியைப் பற்றி வெளியில் கதைப்பது குற்றம். வீட்டிலும் கதைக்கக் கூடாது. நீங்களும் கதைக்க வேண்டாம்.

இனி வெள்ளிக்கிழமைக்குத் திரும்பி வருகிறேன். முடிக்க வேண்டியது அங்கேதான்.

ரசீன் எழும்பினான். நானும் அவனும் வங்கியை விட்டு வெளியில் வந்தோம். கடைகள் எல்லாம் ஜும்ஆவுக்குப் பூட்டியிருந்தன. ரோட்டில் ஆள் இல்லை. பள்ளிவாசல் இரண்டு வளைவு தள்ளி. நடந்தோம். அவன் எனக்கு ஒரு அடி முன்னால் நடந்தான்.

"கூரையக் கழட்டிட்டீங்க நானா" என்றான். திரும்பிப் பார்க்காமல்.

எட்டி நடந்து அவன் பக்கத்துக்கு வந்தேன்.

"மாசாமாசம் தாறன்டு சொன்னாரு. கையெழுத்து மட்டும்தான். வேற வேலை இல்லயாம். லொறியில நான் எத்தன ராத்திரி ஐஸ்ஸுத் தண்ணியோட படுத்திருக்கன் தெரியுமா உங்களுக்கு? பேங்க்ல ஏசிக்குள்ள நிக்கிற உங்களுக்கு என்னத்துக்கு என்ட கூரை?"

ஏசிக்குள்ளே நான் நின்றது கதவுக்குப் பக்கத்தில் என்று சொல்ல நினைத்தேன். சொல்லி என்ன?

பள்ளியின் ஹவ்ளுத் தொட்டிக் கரையில் உட்கார்ந்து தொழுகைக்கு உளூ எடுத்தோம். அவன் பக்கத்துக் கல்லில். கையைக் கழுவினான், முகத்தைக் கழுவினான். காலைக் கழுவும்போது அப்படியே நிறுத்தினான். தண்ணீர் காலில் ஓடிக்கொண்டிருந்தது.

"நானா. காசு வந்து, பிழை என்டு பிடிபட்டா ஆரத் தேடி வருவாங்க?"

வங்கிக்குள்ளே நடப்பதை அவனிடம் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. அவன் கேட்டது வங்கிக் கதை இல்லை. ஊரில் எந்த ஒரு லோயரும் சொல்லும் பதில்தான். நானும் அந்த அளவு மட்டும் சொன்னேன்.

"கையெழுத்து வச்ச ஆளத்தான்."

அவன் மற்றக் காலைக் கழுவினான். மெதுவாகக் கழுவினான். விரல்களுக்கு இடையில் எல்லாம் கழுவினான். பிறகு எழும்பாமல் இருந்தான். புதுச் சேர்ட்டின் கை முழங்கை வரைக்கும் நனைந்திருந்தது.

உள்ளே போய்ப் பின் வரிசையில் இருந்தோம். ஆட்கள் நெருங்கி உட்கார்ந்தார்கள். அவன் தோள் என் தோளில் பட்டது. சூடாக இருந்தது. இமாம் மிம்பர் மேடையில் ஏறி இருந்தார், பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் எனக்கு ஒரு கேள்வி வந்தது. புதன்கிழமை வர வேண்டிய கேள்வி. தாளில் விழுந்திருந்த கையெழுத்து எப்போதாவது பேனை பிடிக்கும் லொறிக்காரனுடையது இல்லை. தடங்கலில்லாமல் ஓடியிருந்தது. பழகின கை.

குனிந்து அவன் காதில் கேட்டேன்.

"எங்கட பேங்க் மட்டுமா ரசீன்? வேற கம்பனி, வேற பேங்க்?"

அவன் என்னைப் பார்த்தான். வாயைத் திறக்கப் போனான். பாங்கு முடிந்து குத்பா, இமாமின் பிரசங்கம், தொடங்கிவிட்டது. குத்பா நடக்கும்போது கதைக்கக் கூடாது. பக்கத்தில் இருப்பவனைச் சும்மா இரு என்று சொல்லவும் கூடாது. அவன் வாயை மூடிக்கொண்டான். நானும் முன்னால் பார்த்தேன்.

இமாம் என்ன சொன்னார் என்று எனக்கு நினைவில்லை. அல்லாஹ் மன்னிக்கட்டும்.

கொஞ்ச நேரத்தில் அவன் கை அசைந்தது. இடது கையைத் தொடையில் வைத்து விரித்திருந்தான். கண் இமாமிடம் இருந்தது. பெருவிரலை மடக்கினான். நிறுத்தினான். யோசித்தான். அடுத்த விரலை மடக்கினான். எங்களுடையதையும் சேர்க்கிறானோ என்று நினைத்து, அவன் சேர்ட் பொக்கற்றில் இருந்த எங்கள் வங்கியில் தந்த துண்டுக் கடதாசியை விரலால் தொட்டேன். இல்லை என்று தலையை அசைத்தான். அது இதில் சேர்த்தி இல்லை.

மூன்றாவதை மடக்கினான். நாலாவது. சின்ன விரலில் கொஞ்சம் தாமதித்தான். அதையும் மடக்கினான். கை முட்டியாகிவிட்டது. முடிந்தது என்று நினைத்தேன்.

அவன் வலது கையைத் தொடையில் எடுத்து வைத்தான். அதிலும் இரண்டு விரலை மடக்கினான்.

ஏழு.